மேய்ச்சல் ஓரமா, படுக்கைக் காடா? மான் வேட்டைக்கு டிரெயில் கேமரா கட்டும் இடம்

கேள்வி, 9 ஜூலை 2023

அமெரிக்காவில் நாற்பது ஏக்கர் காட்டுத் துண்டு ஒன்றில் வேட்டையாட அனுமதி கிடைத்திருக்கிறது. பக்கத்துச் சோயா வயலின் ஓரத்தில் கட்டிய டிரெயில் கேமராவில் (மரத்தில் கட்டிவிட்டால், விலங்கு முன்னால் வரும்போது தானே படமெடுக்கும் கேமரா) நல்ல கொம்புள்ள வெள்ளைவால் மான் ஒன்று அடிக்கடி பதிவாகிறது. ஆனால் எல்லாமே இரவுப் படங்கள். மான் படுக்கும் அடர்காட்டுக்குள்ளேயே கேமராவைக் கொண்டுபோய்க் கட்டினால்தான் பகல் படம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். சரிதானே?

9 ஜூலை, இரவு

சரியில்லை என்றே சொல்வேன். படுக்கைக் காட்டுக்குள் கட்டினால் பகல் படம் விழும் என்பது உண்மை. ஆனால் அந்தப் படத்தை எடுத்துவர நீங்கள் அங்கே போய்த் தீர வேண்டும். முதிர்ந்த ஆண் மான், தான் பகலெல்லாம் படுத்து அசைபோடும் இடத்தில் மனித வாடையை ஓரிரு முறை கண்டுகொண்டால், பெரும்பாலும் காட்டை விட்டு ஓடிவிடுவதில்லை. அதே காட்டில் இருந்துகொண்டே, வெளிச்சம் மங்கும் வரை எழுந்து நடமாடாமல் பழகிக்கொள்கிறது. அப்படிப் பழகிய மானை அந்தப் பருவம் முழுவதும் வேட்டை நேரத்தில் பார்ப்பது மிகக் கடினம்.

ஆகவே நான் முதலில் என் வழியைத் தீர்மானித்துக்கொள்வேன். வண்டியை எங்கே நிறுத்துவேன், எந்த ஓடைக்கரையோரமாக நடப்பேன், அப்போது காற்று என் வாடையை எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்பதையெல்லாம் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் மான் போகும் வழியைத் தேடுவேன். இந்த இரண்டு வழிகளும் மானுக்குத் தெரியாமல் நெருங்கி வரும் இடம் எதுவோ அதுவே கேமராவுக்கு உரிய இடம். உங்கள் நிலத்தில் அது பெரும்பாலும் வயல் ஓரத்துக்கும் படுக்கைக்கும் நடுவே, வயலிலிருந்து நூறு கெஜம் உள்ளே தள்ளி இருக்கும். மான்கள் வெட்டவெளிக்குள் இறங்குவதற்கு முன் இருட்டட்டும் என்று அங்கேதான் தயங்கி நிற்கும். கொம்பு தேய்த்துப் பட்டை உரிந்த இளமரங்கள் கொத்தாகக் கண்ணில் பட்டால் அதுவே அந்த இடம்.

10 ஜூலை

நேற்று நூறு கெஜம் என்று எழுதியதை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புதர் அடர்ந்து வயல் வரை நீண்டிருந்தால் அந்தத் தயங்கும் இடம் வயல் விளிம்பை ஒட்டியே அமையும். மரங்கள் பெருத்து அடிக்காடு வெறிச்சென்று இருந்தால் இருநூறு, முந்நூறு கெஜம் உள்ளே போய்விடும்.

வயல் ஓரக் கேமராவையும் கழற்ற வேண்டியதில்லை. அதன் முறையை மட்டும் மாற்றுங்கள். உடல் வெப்பத்தை உணர்ந்து படமெடுக்கும் உணரி எண்பது அடிக்கு அப்பால் நிற்கும் மானைப் பெரும்பாலும் கவனிக்காது. மான் வயலின் மறுகோடியில் வெளிச்சத்திலேயே இறங்கிப் பிறகு உங்கள் மூலைக்கு இரவில் வந்து சேர்ந்தாலும், உங்களிடம் இருப்பது இரவுப் படம் மட்டுமே. பெரும்பாலான கேமராக்களில் டைம் லாப்ஸ் என்ற முறை உண்டு. விடியலில் ஒரு மணி நேரமும் அந்தியில் ஒரு மணி நேரமும், நிமிடத்துக்கு ஒரு படம் வீதம், எதிரில் எது வந்தாலும் வராவிட்டாலும் வயல் முழுவதையும் எடுக்கும்படி வையுங்கள். மான் எந்த மூலையில் வெளியே வருகிறது என்பதைக் காட்டுக்குள் ஓர் அடிகூட வைக்காமல் தெரிந்துகொள்ளலாம்.

11 ஜூலை

இதெல்லாம் சட்டத்துக்கு உட்பட்டதா என்று இந்தியாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். நான் எழுதுவது அமெரிக்காவில் உரிமம் பெற்று, பருவ காலத்தில், வெள்ளைவால் மானை வேட்டையாடுவதைப் பற்றி மட்டுமே.

அங்கேயும் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அரிசோனாவில் 2022 ஜனவரி முதல் வேட்டைக்கு உதவியாக டிரெயில் கேமராவைப் பயன்படுத்துவதே தடை. நெவாடாவின் பொது நிலங்களில் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் இறுதி வரை கட்டக்கூடாது. வறண்ட மேற்கில் விலங்குகள் நாடி வரும் நீர்நிலைகள் மிகக் குறைவு. ஒரே குட்டையைச் சுற்றிப் பல கேமராக்கள் மொய்த்து, ஒவ்வொன்றையும் பார்க்க ஆள் வந்து போய்க்கொண்டிருந்தால் விலங்கு எப்போது தண்ணீர் குடிக்கும் என்ற கேள்வி அங்கே எழுந்தது. அந்தத் தடையில் நியாயம் இருப்பதாகவே கருதுகிறேன். கிழக்கே ஓடைகள் நிறைந்த காட்டில் தண்ணீரை நம்பிக் கேமரா கட்டுவதில் பெரிய பயனும் இல்லை.

23 ஜூலை

"கோடையில் எங்கே கட்டினால் பெரிய கொம்பன் கிடைப்பான்?" என்று கேட்பவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கேமராவிடமிருந்து உங்களுக்கு எந்தக் கேள்விக்கு விடை வேண்டும்? இந்த நிலத்தில் எந்தெந்த மான்கள் இருக்கின்றன என்பது ஒரு கேள்வி. குறிப்பிட்ட ஒரு மான் எந்த வழியாக, எந்தக் காற்றில், எத்தனை மணிக்கு நடக்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான இடத்தில் கட்டிவிட்டு இரண்டாவது கேள்விக்கு விடை தேடுவதால்தான் பலர் சலித்துப்போகிறார்கள்.

முதல் கேள்விக்குக் கோடை ஏற்ற காலம். கொம்பின் மேல் வெல்வெட் தோல் மூடியிருக்கும் மாதங்களில் ஆண் மான்கள் கூட்டமாகத் திரியும். சோயா வயலிலும் க்ளோவர் புல்வெளியிலும் வெளிச்சத்திலேயே மேயும். மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஜேக்கப்சனும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், இரை வைத்த இடங்களில் கேமராக்களை வைத்து, ஆண் மான்களைக் கொம்பின் வடிவத்தால் தனித்தனியாக அடையாளம் கண்டு, அப்படி அடையாளம் கண்ட ஆண் மான்களுக்கும் மொத்த ஆண் மான் படங்களுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு மொத்த மான்களின் எண்ணிக்கையை மதிப்பிடும் முறையை விளக்கினார்கள். இன்றும் நில உரிமையாளர்கள் செய்யும் கணக்கெடுப்புக்கு அதுவே அடிப்படை. ஆனால் இரையோ உப்புக்கட்டியோ வைப்பதற்கு முன் உங்கள் மாநில விதியைப் படித்துவிடுங்கள். மான்களை மெலிய வைத்துக் கொல்லும் சிடபிள்யூடி என்ற மூளைநோய் எச்சிலாலும் சிறுநீராலும் பரவுவதால், மான்கள் ஒரே இடத்தில் வாய் வைக்கும்படி இரை போடுவதைப் பல மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன. அனுமதி இருக்கும் இடத்திலும் நான் போடுவதில்லை. வயலுக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள தடமே எனக்குப் போதுமான படங்களைத் தருகிறது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வெல்வெட் உரிந்ததும், ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ, அந்தக் கூட்டம் கலைந்துவிடும். ஜூலையில் நீங்கள் பார்த்த மான் அக்டோபரில் ஒரு மைல் தள்ளி வேறொருவர் நிலத்தில் இருக்கலாம். ஓர் ஆண் மானின் நடமாட்டப் பரப்பு ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் அளவுக்குப் பரந்திருப்பது சாதாரணம். உங்கள் நாற்பது ஏக்கர் அதில் பதினாறில் ஒரு பங்கு. அந்த மான் உங்கள் நிலத்தில் குடியிருக்கிறதா, கடந்துதான் போகிறதா என்பதைக் கோடைப் படம் சொல்லாது.

6 ஆகஸ்ட்

மரத்தைத் தேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். கேமராவின் உணரி பின்னணியைவிட வெப்பம் மாறுபட்ட ஒன்று அதன் பார்வைப் பரப்பில் நகர்வதைக் கண்டுதான் விழிக்கிறது. தடத்துக்குச் செங்குத்தாகக் கட்டினால் மான் குறுக்கே போவதை அது நன்றாக உணரும். ஆனால் வேகமாக நடக்கும் மானின் பின்கால்களும் வாலும் மட்டுமே படத்தில் மிஞ்சக்கூடும். தடத்தின் நேராகப் பார்க்கும்படி கட்டினால் மான் படத்துக்குள் நெடுநேரம் இருக்கும். ஆனால் நேரே எதிர்வரும் உடலை உணரி தாமதமாகத்தான் கவனிக்கும். எனவே தடத்துக்குச் சுமார் 45 பாகைச் சாய்வில், பதினைந்திலிருந்து இருபது அடி தள்ளிக் கட்டுவதே எனக்கு ஒத்துவந்திருக்கிறது. உயரம் இடுப்பளவு. சரிவில் கட்டும்போது அந்த இடுப்பளவு ஏமாற்றும். மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கினால் மானின் முதுகுக்கு மேலேதான் கேமரா பார்க்கும். அதற்கு நான் செய்வது எளிது: வாரை இறுக்குவதற்கு முன், விரல் பருமனுள்ள காய்ந்த குச்சி ஒன்றைக் கேமராவின் மேல் விளிம்புக்கும் மரத்துக்கும் நடுவே செருகுவேன். முகம் தானாகக் கீழே சாயும்.

கட்டிய பிறகு மானின் உயரத்துக்குக் குனிந்து தடத்தில் நடந்து, சோதனை விளக்கு எங்கெல்லாம் மின்னுகிறது என்று பாருங்கள். எதிரே உள்ள புல்லையும் தொங்கும் கிளையையும் வெட்டுங்கள். வெயிலில் சூடேறிய இலை காற்றில் ஆடினால் அதையும் உணரி விலங்கு என்றே கொள்ளும், மெமரி கார்டு முழுக்க வெற்றுப் புதர்ப் படங்களாக நிறையும். ஆனால் வெட்டித் தள்ளி வெளிச்சமாக்கிவிடாதீர்கள். புதிதாக வெட்டிய கிளையின் வெண்மையை அந்தத் தடத்தில் தினமும் நடக்கும் மான் கவனித்துவிடும்.

கேமராவின் முகம் வடக்கே இருக்கட்டும். கிழக்கும் மேற்கும் வேண்டாம். விடியலும் அந்தியுமே மான் நடமாடும் வேளை, அந்த வேளையில்தான் சூரியன் கண்ணாடிக்குள் நேராக இறங்கும்.

8 ஆகஸ்ட்

வடக்கு பற்றி ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார், அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. கூரை மூடிய காட்டுக்குள் திசை பெரிதாகப் பொருட்டில்லை; தடம் எப்படி வளைகிறதோ அதற்கேற்பக் கட்டலாம். ஆனால் இலையுதிர்ந்த பிறகு அதே இடம் திறந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆகஸ்டில் நிழலாயிருந்த மரத்தில் நவம்பர் காலை வெயில் நேராகக் கண்ணாடியில் படும். அதனால் வாய்ப்பிருந்தால் வடக்கு, இல்லாவிட்டால் தடம் காட்டும் திசை என்று மாற்றிச் சொல்கிறேன்.

17 செப்டம்பர்

வயலில் மான் திடீரென்று குறைந்துவிட்டது என்று முதலில் கேட்டவர் எழுதியிருக்கிறார். ஓக் மரங்களின் அடியில் போய்ப் பாருங்கள். காய் விழத் தொடங்கினால் மான்கள் பச்சை வயலை விட்டுக் காட்டுக்குள் திரும்பிவிடும். வெள்ளை ஓக்கின் காயில் துவர்ப்பு குறைவு, அதைத்தான் முதலில் தேடித் தின்னும். சிவப்பு ஓக்கின் காய் துவர்ப்பு மிகுந்தது. அது பருவத்தின் பிற்பகுதிக்கு உதவும். வெள்ளை ஓக் பூத்த ஆண்டிலேயே காய் முற்றிவிடும். சிவப்பு ஓக்குக்கு இரண்டு ஆண்டுகள் வேண்டும். எல்லா மரமும் எல்லா ஆண்டும் காய்ப்பதில்லை, ஆகையால் சென்ற ஆண்டு நன்றாகப் படம் தந்த மரத்தை நம்பி இந்த ஆண்டும் கட்டாதீர்கள். பைனாகுலரை எடுத்துக் கொண்டுபோய்க் கிளைநுனிகளைப் பார்த்து, காய்த்திருக்கும் மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடியில் கடித்துத் துப்பிய ஓட்டுத் துணுக்குகளும் புதிய புழுக்கையும் கிடந்தால் கேமராவை அங்கே மாற்றலாம்.

நண்பகலில், காற்று படுக்கைப் பக்கத்திலிருந்து உங்கள் பக்கம் வீசும் நாளில் போங்கள். மழைக்குச் சற்று முன்னதாகப் போனால் இன்னும் நல்லது. விட்டுவந்த வாடையை மழை கழுவிவிடும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் அணிவேன். வழியில் புதரைக் கையால் விலக்க மாட்டேன்.

8 அக்டோபர்

இந்த மாதத்தில் கேமரா கட்ட ஸ்கிரேப்பைவிடச் சிறந்த இடம் இல்லை. ஆண் மான் தரையில் இலைகளை ஒதுக்கி மண் தெரியக் காலால் சுரண்டிய இடமே ஸ்கிரேப். அதற்கு நேர் மேலே, மானின் தலைக்கு எட்டும் உயரத்தில், ஒரு கிளை கட்டாயம் தொங்கும். பலர் மண்ணை நோக்கிக் கேமராவைத் திருப்புகிறார்கள், நான் கிளையை நோக்கித் திருப்புகிறேன். ஆண் மான் அந்தக் கிளையைத்தான் முகர்ந்து, நக்கி, கண்ணோரச் சுரப்பியையும் நெற்றியையும் அதில் தேய்த்துத் தன் மணத்தை விட்டுச் செல்கிறது. பெட்டை மான்களும் வந்து முகர்ந்து பார்க்கும். மான் அங்கே நின்று தலையைத் தூக்குவதால் கொம்பின் இரு பக்கமும் தெளிவாக விழும். வீடியோ முறையில் வைத்தால் ஒரே காட்சியில் உடலின் வயதையும் கொம்பின் வடிவத்தையும் கணித்துவிடலாம்.

அங்கே பார்த்த மானுக்காக அங்கேயே மரமேறிக் காத்திருப்பது மட்டும் வேண்டாம் என்பேன். ஸ்கிரேப்புக்கு வரும் வருகைகளில் பெரும்பகுதி இரவில்தான் நிகழ்கிறது. அந்தக் கேமரா எந்த மான் பக்கத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சொல்லும் கேமரா வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

5 நவம்பர்

இன்று அதிகாலை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். உங்கள் கேமராவுக்கு அது தெரியாது. மாலை 6.05 என்று முத்திரை விழுந்த படம் உண்மையில் 5.05இல் எடுக்கப்பட்டது. பல மாநிலங்களில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை வேட்டைக்கு அனுமதி உண்டு. ஆகவே இருட்டிய பிறகு வந்தது என்று ஒதுக்கித் தள்ளிய மான், சட்டப்படி சுடத்தக்க வெளிச்சத்தில் நடந்திருக்கலாம். முத்திரையை மட்டும் நம்பாமல் படத்தின் நிறத்தையும் பாருங்கள். வண்ணத்தில் இருந்தால் கேமராவுக்கு இயற்கை வெளிச்சம் போதுமானதாக இருந்தது. கருப்பு வெள்ளையில் இருந்தால் அகச்சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது.

12 நவம்பர்

வடக்கு மாநிலங்களில் இணைசேரும் பருவத்தின் உச்சம் இந்த வாரங்களில்தான். ஆண் மான் இப்போது தன் வழக்கமான தடத்தை மறந்து பெட்டை மான்களைத் தேடி அலையும். உணவு இடத்தில் கட்டியவற்றை எடுத்து, நிலமே மானை நெருக்கி ஒரே வழியில் செலுத்தும் இடங்களுக்கு மாற்றுகிறேன்: இரண்டு முகடுகளுக்கு நடுவே தாழ்ந்த மலைக்கணவாய், செங்குத்தான கரைகளுக்கு நடுவே ஓடையைக் கடக்கும் துறை, இரண்டு காடுகளை இணைக்கும் குறுகிய மரவரிசை, கம்பி தளர்ந்து தொய்ந்த வேலி. வேலியின் கம்பி முள்ளில் வயிற்றின் வெள்ளை மயிர் சிக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கோ தொலைவிலிருந்து வந்த, கோடைப் படங்களில் ஒருமுறைகூட இல்லாத மான்கள் இந்த வாரங்களில் அங்கே பதிவாகும்.

பெட்டை மான்கள் படுக்கும் புதர்க்காட்டின் காற்று வெளியேறும் விளிம்பையும் மறக்க வேண்டாம். ஆண் மான் உள்ளே நுழைந்து ஒவ்வொன்றாகத் தேடாமல், அந்த விளிம்பையொட்டி நடந்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதை மூக்கால் அறிந்துகொள்ளும்.

15 நவம்பர்

"சிம் கார்டு போட்ட செல்லுலர் கேமராவாக இருந்தால் உள்ளே போகாமலே படம் வருமே, அப்போதும் படுக்கைக் காட்டுக்குக் கூடாதா?" என்ற கேள்வி ஜூலையில் நான் எழுதியதை மீண்டும் எண்ணிப் பார்க்க வைத்தது. கோடையில் ஒரே ஒருமுறை போய்க் கட்டி, குளிரிலும் தளராத லித்தியம் பேட்டரி போட்டு, சிவப்பாக ஒளிராத 940 நானோமீட்டர் விளக்குள்ள கேமராவை மானின் கண்மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கீழே சாய்த்து, பருவம் முடியும் வரை தொடாமல் விட்டுவிடுவீர்களானால், என் முக்கியமான ஆட்சேபம் விலகுகிறது. அந்த அளவில் கூடும் என்று ஏற்கிறேன்.

ஆனால் வேறொரு தயக்கம் மிஞ்சுகிறது. படம் வந்த நிமிடத்திலேயே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்புவதை நான் வேட்டையாகக் கருதவில்லை. 1887இல் தியடோர் ரூஸ்வெல்ட் முன்னின்று தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப், அப்படி உடனுக்குடன் வரும் படத்தைப் பின்பற்றிப் போய் வீழ்த்திய விலங்கைத் தன் வேட்டைச் சாதனைப் பதிவேட்டில் ஏற்பதில்லை. நான் படங்களை வாரக் கடைசியில் மொத்தமாகவே பார்க்கிறேன். ஒவ்வொரு பகல் படத்தோடும் அன்றைய காற்றின் திசையையும் வெப்பநிலையையும் எழுதி வைக்கிறேன். ஒரே மான், வடமேற்குக் காற்றில் மட்டும் அந்தக் கணவாயைப் பகலில் கடக்கிறது என்று தெரியவரும்போது, அந்தக் குறிப்பு அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

26 நவம்பர்

கேமராவில் விழவில்லை என்பதால் மான் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். கேமராவுக்குப் பின்புறம் பத்தடியில் மான் கடந்து போயிருக்கலாம். ஒரு வாரம் எதுவும் விழாத இடத்தை மாற்றுவதற்கு முன், அதே மரத்தின் பின்பக்கத் தரையில் குளம்படிகளைத் தேடிப் பாருங்கள்.

14 ஜனவரி 2024

பருவம் முடிந்துவிட்டது, பனி விழுந்திருக்கிறது. மானைக் கலைத்துவிடுவோமோ என்ற அச்சமின்றி எல்லா இடத்துக்கும் நடக்கக்கூடிய மாதங்கள் இவை. பனியில் ஒவ்வொரு தடமும் தெளிவாகத் தெரிவதால், அடுத்த கோடையில் எந்த மரத்தில் கட்டுவது என்பதை இப்போதே குறித்துக்கொள்ளலாம். ஆனால் கடும்பனியில் உணவுக்காக மான்கள் கூடும் இடம் குளிர்காலத்துக்கு மட்டும் உரியது. அந்தத் தடத்தை அக்டோபருக்கு நம்ப வேண்டாம். நான் தேடுவது முகட்டின் மேல் மூன்றில் ஒரு பங்கில், காற்று மறைவுப் பக்கமாக, பனியோ இலையோ அழுந்தி நீள்வட்டமாகப் பதிந்திருக்கும் தனிப் படுக்கையை. ஒற்றையாக, பெரிதாக இருந்தால் அது ஆண் மானுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே படுத்திருக்கும் மானுக்குப் பின்னாலிருந்து வரும் வாடையைக் காற்று சொல்லும், முன்னால் உள்ள பள்ளத்தைக் கண் பார்க்கும்.

11 பிப்ரவரி

கேமராக்களைக் குளிர்காலத்திலும் விட்டுவைக்கலாமா என்று கேட்டிருந்தவருக்கு: தனியார் நிலமானால் ஒன்றிரண்டை விட்டுவையுங்கள். எந்த மான்கள் பருவத்தைத் தாண்டிப் பிழைத்தன என்பதை, கொம்பு உதிர்வதற்கு முன் தெரிந்துகொள்ளலாம். டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் கொம்பு உதிர்ந்துவிடும். அதன் பிறகு ஆணையும் பெட்டையையும் படத்தில் பிரித்தறிவதே கடினம். பொது நிலத்தில் சில இடங்களில் உரிமையாளரின் பெயரைக் கேமராவின் மேல் எழுத வேண்டும், குறித்த தேதிக்குள் கழற்றவும் வேண்டும். விட்டுவைப்பவர்கள் வசந்தத்துக்கு முன் ஒருமுறை வாரைத் தளர்த்தி மீண்டும் கட்டுங்கள். மரம் பருக்கும்போது வார் பட்டையில் பதிந்து, பிறகு கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பேட்டரி அறையையும் திறந்து பாருங்கள். இளவெயில் வந்ததும் எறும்புகள் அதற்குள் முட்டையோடு குடியேறிவிடும்.